பேசாப் படமும் பேசிய பெண்ணும்: டி. பி. இராஜலட்சுமி அம்மையார்

நம் இலக்கிய வட்டத்தின் கூட்டங்கள் ஞாயிற்றுக்கிழமை மாலையில் நடைபெறுவதற்கு ஒரு காரணம் உண்டு. தண்டலத்தைச் சுற்றி இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் எனப் பரந்து கிடக்கும் தொழிற்சாலைகளில் ஷிப்டு முறையில் பணியாற்றும் உறுப்பினர்களுக்கு அந்த ஒரு பொழுதுதான் ஓய்வாகக் கிட்டுகிறது. அத்தகைய கூட்டம் ஒன்றில், தமிழ்த் திரையுலகின் முன்னோடிப் பெண்மணியாகிய டி. பி. இராஜலட்சுமி அம்மையாரைப் பற்றி உரையாற்றும் வாய்ப்பு எனக்கு அமைந்தது. உரை முடிந்ததும், மின்னணுப் பொருள் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றும் இளம்பெண் ஒருவர் எழுந்து, அந்த அம்மையார் நடித்த படத்தை எங்கே பார்க்கலாம் என்று வினவினார். வினா எளியது, விடை எளிதன்று. அவருக்குப் பெயர் தேடித் தந்த படங்களுள் ஒன்றைக்கூட இன்று காண இயலாது. அவர் நடித்த பேசாப் படங்கள் இல்லை. தமிழின் முதல் பேசும் படமாகிய ‘காளிதாஸ்’ இல்லை. அவரே எழுதி இயக்கிய ‘மிஸ் கமலா’வும் இல்லை. பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது அவ்வினாவே என் முன் நின்றது. படம் இல்லாத நடிகையின் வாழ்வை எவ்வாறு சொல்வது? சொல்லித்தான் ஆகவேண்டும் என்பது என் எண்ணம்.

திருவையாறு பஞ்சாபகேச இராஜலட்சுமி என்பதே டி. பி. இராஜலட்சுமி எனச் சுருங்கிற்று. ஊர்ப்பெயரும் தந்தை பெயரும் அந்த இரண்டு எழுத்துகளில் அடங்கியுள்ளன. அவர் 1911 ஆம் ஆண்டு நவம்பர் 11 ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பஞ்சாபகேச சாஸ்திரிகள் கிராமக் கணக்கராகப் பணிபுரிந்தவர். தாயார் மீனாட்சி அம்மாள். பிறந்த ஊரின் சிறப்பை நம் வாசகர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. காவிரிக் கரையும் ஐயாறப்பர் கோயிலும் தியாகராச சுவாமிகளின் சமாதியும் சேர்ந்து அவ்வூரையே இசையூர் ஆக்கியிருந்தன. கேட்ட பாடலை அப்படியே திருப்பிப் பாடும் ஆற்றல் சிறுமி இராஜலட்சுமிக்கு இயல்பாக வாய்த்ததில் வியப்பில்லை. ஆயினும் அவ்வூரின் இசை பெண்ணுக்கு உரிய இடத்தைக் கொடுத்ததா என்பது வேறு கேள்வி. தியாகராச ஆராதனையில் பெண்கள் ஆடவரோடு சேர்ந்து பாட இடமில்லாத காலம் அது. சமாதிக்குக் கட்டடம் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளே பெண்களுக்கெனத் தனியே ஒரு கட்சி தொடங்கிப் பாட வேண்டியிருந்தது. பிரிந்து கிடந்த கட்சிகள் ஒன்றானது 1940-ஐ ஒட்டித்தான். இதை இங்கே குறிப்பதற்கு ஒரு பொருத்தம் உண்டு, பின்னர்ச் சொல்வேன்.

சிறுமிக்கு ஏழெட்டு வயதாகும்போதே திருமணம் நடந்தேறியது. அக்கால வழக்கம் அது. சீர்வரிசை பற்றிய பிணக்கில் பிள்ளை வீட்டார் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டனர். மணம் என்றால் இன்னதென அறியாத வயதில் மணமாகி, முறிவு என்றால் இன்னதென அறியாத வயதில் அதுவும் முறிந்தது. சில காலத்தில் தந்தையும் மறைந்தார். பெண்ணுக்குப் பதினான்கு வயதேனும் நிரம்ப வேண்டும் என விதித்த சாரதா சட்டம் 1929 இல் நிறைவேறி 1930 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. இச்சிறுமிக்கு அது பத்தாண்டுகளுக்கு மேல் தாமதம். சட்டம் வந்து தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், வகுப்பறையில் முன்வரிசையில் அமர்ந்திருந்த மாணவி ஒரு திங்கட்கிழமை வராமற்போவதையும், அழைப்பிதழ் மட்டும் வந்து சேர்வதையும் ஆசிரியையாக நான் கண்டிருக்கிறேன். வயது கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

துணையற்ற தாயும் மகளும் திருச்சிராப்பள்ளிக்குக் குடிபெயர்ந்தனர். வயிற்றுப்பாட்டுக்கு வழி தேடியபோது கையிலிருந்த ஒரே முதல் சிறுமியின் குரல். சாமண்ணா என்பவர் நடத்திய நாடகக் குழுவை அணுகினர். சிறுமி பாடிக் காட்டினாள். அப்போது அங்கிருந்த சங்கரதாஸ் சுவாமிகள் அக்குரலின் தகுதியை உணர்ந்து சேர்த்துக்கொள்ளுமாறு பரிந்துரைத்தார் என்பது வரலாறு. தமிழ் நாடகத்தின் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சுவாமிகள் 1922 இல் மறைந்தார். ஆகவே பத்து, பதினோரு வயதிலேயே இராஜலட்சுமி மேடையேறிவிட்டார் எனக் கொள்ளலாம். ‘பவளக்கொடி’ நாடகம் அவருக்குத் தொடக்கமாக அமைந்தது.

அந்தக் கால நாடக மேடையைப் பற்றி ஈண்டுச் சிறிது விரிவாகச் சொல்லுதல் வேண்டும். பெண்கள் நாடகத்தில் நடிப்பதென்பது அன்று முற்றிலும் இல்லாத ஒன்றன்று. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்ட நாடகக் குழுவை நடத்தினார். அவருடைய நாடகம் காண வருவோருக்கெனத் தனி இரயில் விடப்பட்டது என்பர். ஆயின் மேடைக்கு வந்த பெண்களுள் மிகப் பலர் பரம்பரையாகக் கலையைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்களைச் சார்ந்தவர்கள். சாத்திர ஆசாரம் பேணிய அந்தணர் குடும்பத்துப் பெண்ணொருத்தி கூலிக்கு நடிக்க வருவதென்பது உறவினர்க்குப் பொறுக்கக்கூடியதாக இருக்கவில்லை. உறவும் சாதியும் தாயையும் மகளையும் ஒதுக்கி வைத்தன. ஒதுக்கி வைத்தவர்களில் ஒருவரும் அவ்விருவரின் அடுப்பு எரிகிறதா எனக் கேட்டவரல்லர்.

ஒலிபெருக்கி இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் பாட்டின் சொல் தெளிவாகக் கேட்கவேண்டும். ஆர்மோனியக்காரர் எடுத்துக்கொடுக்கும் உச்சச் சுருதியில் நின்று, இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை பாடவேண்டும். ‘ஸ்பெஷல் நாடகம்’ என்னும் முறையிலோ வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் முன்னொத்திகை இல்லாமல் மேடையிலேயே சந்தித்துப் பாட்டாலும் வாதத்தாலும் மோதிக்கொள்வார்கள். எதிரில் நிற்பவர் எடுத்து வீசும் கேள்விக்கு அதே மெட்டில் விடை பாடத் தெரியாதவர் அங்கு நிலைக்க முடியாது. எஸ். ஜி. கிட்டப்பா, எம். கே. தியாகராஜ பாகவதர், வி. ஏ. செல்லப்பா போன்ற பெரும் பாடகர்களுடன் இணையாக நடித்தே இராஜலட்சுமி வளர்ந்தார். கிட்டப்பாவின் எதிரில் பாடி நிற்பது எத்தகைய தேர்வு என்பதை அக்கால இசைத்தட்டுகளைக் கேட்டவர்கள் அறிவர். மேடையில் தேசியப் பாடல்களைப் பாடியும் அவர் பெயர் பெற்றார். விசுவநாததாஸ் போன்றோர் அதற்காகவே சிறை சென்ற நாள்கள் அவை. நாடகக் கொட்டகையின் வாயிலில் போலீசார் காத்திருப்பது புதுமையன்று.

இவ்வாறு குரலால் வாழ்ந்த ஒரு பெண் குரலுக்கு இடமே இல்லாத கலையில் எவ்வாறு அடியெடுத்து வைத்தார் என்பதே என்னை நெடுநாள் சிந்திக்க வைத்த செய்தி.

திரைப்படத்தில் பெண்ணுக்குப் பெண்ணே நடிப்பது என்ற நிலையே போராடி வந்ததுதான். 1913 இல் தாதாசாகேப் பால்கே எடுத்த ‘ராஜா அரிச்சந்திரா’வில் சந்திரமதியாகத் தோன்றியவர் சாளுங்கே என்னும் ஆடவர். அதே ஆண்டில் பால்கேயின் அடுத்த படத்தில் துர்காபாயும் அவர் மகள் கமலாபாயும் நடித்தபிறகே வழி சற்றுத் திறந்தது. தமிழகத்தில் 1917-ஐ ஒட்டிச் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் படப்பிடிப்புக் கூடம் அமைத்துக் ‘கீசக வதம்’ எடுத்த நடராஜ முதலியாருக்கும் நடிகையரைத் தேடுவது பெரும்பாடாகவே இருந்தது. ஆங்கிலோ இந்தியப் பெண்கள் திரௌபதியாகவும் சீதையாகவும் நடித்தது தென்னாட்டிலும் வடநாட்டிலும் பேசாப் படக் காலத்தின் பொதுக்காட்சி. படம் பேசாதாகையால் அவர்களுக்குத் தமிழ் தெரியாமற்போனது குறையாகத் தோன்றவில்லை.

பேசாப் படம் என்று சொல்கிறோமே தவிர, அந்தக் கொட்டகை அமைதியாக இருந்ததில்லை. திரையருகே நின்று ஒருவர் கதையை உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். தலைப்பு அட்டைகளில் வரும் எழுத்துகளை வாசித்துக் காட்டுவார். எழுத்தறியாத மக்களுக்கு அவரே உரையாசிரியர். நம் தமிழ் மரபில் மூலத்தைவிட உரையாசிரியர் புகழ்பெறுவது உண்டல்லவா? அங்கும் அப்படித்தான். ஆர்மோனியமும் தபலாவும் ஒருபுறம் முழங்கும். பேசாதிருந்தவர் திரையில் இருந்த நடிகர் மட்டுமே. படப்பிடிப்போ பெரும்பாலும் வெயிலை நம்பியது. மேற்கூரையற்ற அரங்கில், ஒளியைத் திருப்பியடிக்கும் பலகைகளின் கண்கூசும் வெளிச்சத்தில், கையால் சுழற்றும் காமிராவின் முன்னே நடிக்கவேண்டும். இயக்குநர் கூவிக் கூவி ஆணையிட்டுக்கொண்டே இருப்பார். ஒலி பதிவாகாதாகையால் தடையில்லை. மேடையில் ஓர் இரவு முழுதும் பாடி உணர்த்தியதை இங்கே ஒரு கண்ணசைவில், ஒரு கையசைவில் உணர்த்தியாக வேண்டும்.

1929 இல் வெளிவந்த ‘கோவலன்’ என்னும் பேசாப் படத்தில் இராஜலட்சுமி நடித்தார். அப்போது அவருக்கு வயது பதினெட்டுக்குள். தொடர்ந்து ‘உஷாசுந்தரி’யும், இராஜா சாண்டோ இயக்கிய ‘இராஜேசுவரி’யும் 1931 அளவில் வந்தன. சென்னையில் ஏ. நாராயணன் ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கிப் படங்களை விரைந்து எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. இராஜா சாண்டோ புதுக்கோட்டைக்காரர்; உடற்பயிற்சி வீரராகப் பம்பாய் சென்று நடிகராகிப் பின் சென்னை திரும்பியவர். புராணக் கதைகளிலிருந்து விலகிச் சமூகக் கதைகளைப் படமாக்கியதில் அவருக்குத் தனியிடம் உண்டு.

தமிழ் பயிற்றுவிப்பவள் என்ற முறையில் ‘கோவலன்’ படத்தின் பெயரைக் கேட்டதும் எனக்குள் ஓர் எண்ணம் எழுவதைத் தவிர்க்க இயலவில்லை. சிலப்பதிகாரக் கதையின் உயிர்நிலை எது? அரசவையில் ஒரு பெண் வாய் திறந்து வழக்குரைப்பது. அவள் சொல்லே அரசனின் உயிரைக் கொண்டுபோகிறது. அக்கதையை ஊமையாக எடுத்தார்கள்! கண்ணகியின் வழக்கை அட்டையில் எழுதிக் காட்ட, அருகே நின்ற ஓர் ஆடவர் அதை உரக்கப் படித்திருப்பார். பெண்ணின் வாய் அசையும். ஒலி ஆணிடமிருந்து வரும். பேசாப் படக் காலத்து நடிகையரின் நிலையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான உருவகத்தை நான் தேடிக் கண்டதில்லை.

அந்நிலையின் கொடிய முகத்தை அறிய அண்டை நாடாகிய திருவிதாங்கூரை நோக்கவேண்டும். அகஸ்தீசுவரத்தில் பிறந்த ஜே. சி. டேனியல் எடுத்த ‘விகதகுமாரன்’ மலையாளத்தின் முதல் படம். அதில் நாயர் குலப் பெண்ணாக நடித்தவர் புலையர் வகுப்பைச் சேர்ந்த பி. கே. ரோசி. 1930-ஐ ஒட்டித் திருவனந்தபுரம் கேப்பிடல் திரையரங்கில் படம் வெளியானபோது மேல்சாதியினர் கல்லெறிந்தனர்; திரை கிழிந்தது. ரோசியின் குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. உயிருக்கு அஞ்சி ஓடிய அவர் நாகர்கோவில் பக்கம் வந்து, வேறு பெயரில், தாம் நடிகையென்பதையே வெளிக்காட்டாமல் வாழ்ந்து மறைந்தார். ஒரே காலத்தில் நடிக்க வந்த இரு பெண்கள். இராஜலட்சுமியை அவர் பிறந்த சாதி ஒதுக்கியது உண்மை. ஆனால் எவரும் அவர் வீட்டைக் கொளுத்தவில்லை. இரண்டு துயரங்களையும் ஒன்றென எழுதுவோர் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை.

1931 மார்ச்சு 14 இல் பம்பாயில் ‘ஆலம் ஆரா’ வெளிவந்து இந்தியத் திரை பேசத் தொடங்கியது. அதனை எடுத்த அர்தேஷிர் இரானியே தென்னாட்டு மொழிகளிலும் பேசும் படம் எடுக்க முனைந்தார். எச். எம். ரெட்டி இயக்குநர். படம் ‘காளிதாஸ்’. சென்னையில் அப்போது ஒலிப்பதிவு வசதியுள்ள படப்பிடிப்புக் கூடம் இல்லாமையால் பம்பாயிலேயே படம் உருவாயிற்று. கதாநாயகி இளவரசி வித்தியாதரி; அவ்வேடம் இராஜலட்சுமிக்கு. கதாநாயகன் பி. ஜி. வெங்கடேசன். பின்னாளில் புகழ்பெற்ற இயக்குநரான எல். வி. பிரசாத் சிறு வேடமொன்றில் தோன்றினார். அவர் இரானி எடுத்த ‘ஆலம் ஆரா’விலும் நடித்தவர்.

பேசும் படம் வந்ததும் பேசாப் படத்தின் நட்சத்திரங்கள் பலர் தடுமாறிப்போயினர் என்பது உலகறிந்த வரலாறு. ஆங்கிலோ இந்திய நடிகையருக்கு நாட்டுமொழி வராது. மொழி வந்தவர்க்குக் குரல் வராது. பின்னணி பாடும் முறை இல்லாத காலம். ஒலிவாங்கியை எங்கேனும் மறைத்து வைத்து, நடிப்பவரே அவ்விடத்திலேயே பாடியாக வேண்டும். இரண்டாண்டுக் காலம் காமிராவின் முன் வாய்மூடி நின்ற இராஜலட்சுமியிடம் பத்தாண்டுக் காலம் மேடையில் உரமேறிய குரல் காத்துக்கொண்டிருந்தது. மேடை கொடுத்த குரலும் பேசாப் படம் கொடுத்த முகபாவமும் ஒருவரிடமே சேர்ந்திருந்தன. அந்த வேடம் தற்செயலாக அவரைத் தேடி வந்ததெனச் சிலர் எழுதுகின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. அன்றைய நிலையில் அவ்விரண்டும் வாய்த்த தமிழ்ப் பெண்ணை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

படத்தின் கதையை நோக்குக. கல்வியில் சிறந்த இளவரசியை அமைச்சன் வஞ்சகமாக எழுத்தறிவற்ற மாடு மேய்ப்பவனுக்கு மணம் செய்விக்கிறான். உண்மை தெரிந்த இளவரசி காளியை வேண்டுகிறாள். காளியருளால் அவன் காளிதாசன் ஆகிறான். தாம் அறியாமலே மணம் முடிக்கப்பட்ட ஒரு பெண், அறியாமல் மணம் முடிக்கப்பட்ட இளவரசியாக நடித்தார். பார்த்த கூட்டத்தில் எத்தனை பேர் இதை எண்ணியிருப்பர்? நடித்தவர் எண்ணாமலா இருந்திருப்பார்?

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. முதல் தமிழ்ப் பேசும் படம் எனக் கொண்டாடப்படும் இப்படத்தில் இளவரசி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் விடையிறுத்தான். தூய தமிழ் ஆர்வலர்க்கு இது உறுத்தும். ஆனால் அக்காலத்துக் கொட்டகைக்கு மொழியெல்லை பெரிதாகத் தோன்றவில்லை. திரை பேசுகிறதே என்ற வியப்பே போதுமானதாயிருந்தது. தியாகராசர் கீர்த்தனைகளையும் இராஜலட்சுமி அதில் பாடினார். முன்னர்ச் சொல்வேன் என்றது இதனைத்தான். திருவையாற்றில் சமாதியின் முன்னே ஆடவரோடு அமர்ந்து பாடப் பெண்ணுக்கு இடமில்லாத ஆண்டுகளில், திருவையாற்றுப் பெண்ணின் குரலில் அந்தக் கீர்த்தனைகள் ஊர் ஊராகத் திரைக்கொட்டகைகளில் ஒலித்தன. மதுரை பாஸ்கரதாஸ் இயற்றிய காந்தியடிகளின் கைராட்டினம் பற்றிய பாடலும் அப்படத்தில் இடம்பெற்றது. காளிதாசனுக்கும் கைராட்டினத்திற்கும் என்ன தொடர்பு என எவரும் கேட்கவில்லை.

1931 அக்டோபர் 31 இல் சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில், பிற்காலத்து முருகன் டாக்கீசில், படம் திரையிடப்பட்டது. இராஜலட்சுமிக்கு இருபது வயது நிரம்பப் பதினொரு நாள் இருந்தது. பம்பாயிலிருந்து வந்த படப்பெட்டியை மக்கள் ஊர்வலமாக எடுத்துச் சென்று தேங்காய் உடைத்து வரவேற்றனர் என எழுதுவர். எட்டாயிரம் ரூபாய் செலவில் உருவான படம் எழுபத்தையாயிரம் ஈட்டியதாகவும் திரைப்பட வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. ‘சினிமா ராணி’ என்னும் பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

அடுத்த வெற்றி 1933 இல் வந்த ‘வள்ளி திருமணம்’. தயாரிப்பில் முன்நின்றவர் சாமிக்கண்ணு வின்சென்ட். அவர் திருச்சிராப்பள்ளி இரயில்வேயில் பணியாற்றியவர். 1905 இல் துய்ப்போன் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, கூடாரம் அடித்து ஊரூராகப் பேசாப் படம் காட்டியவர். அவருக்கும் வாழ்வளித்தது திருச்சி. இராஜலட்சுமிக்கும் வாழ்வளித்தது திருச்சி. ஆனால் படத்தை எடுக்க இருவரும் கல்கத்தா செல்லவேண்டியிருந்தது! உடன் நடித்த டி. வி. சுந்தரம் அவர்களை இராஜலட்சுமி தம் விருப்பப்படி மணந்துகொண்டார். ஏழு வயதில் பிறர் செய்துவைத்தது முதல் மணம். இது தாமே தேர்ந்தது. ‘சத்தியவான் சாவித்திரி’, ‘திரௌபதி வஸ்திராபகரணம்’, ‘லலிதாங்கி’ எனப் படங்கள் தொடர்ந்தன. அவற்றை ஒவ்வொன்றாக விரித்தல் ஈண்டுத் தேவையில்லை.

விரிக்க வேண்டியது அவருடைய எழுத்தை. ‘காளிதாஸ்’ வந்த அதே 1931 இல் ‘கமலவல்லி அல்லது டாக்டர் சந்திரசேகரன்’ என்னும் நாவலை இராஜலட்சுமி எழுதி வெளியிட்டார். வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் ‘ஜகன்மோகினி’ வாயிலாகப் பெண் வாசகர் கூட்டத்தையே உருவாக்கியிருந்த காலம் அது. ஆயினும் நாடக மேடையிலிருந்து ஒரு பெண் நாவலாசிரியராக வருவது புதிது. ஒருவனை விரும்பும் பெண்ணை வேறொருவனுக்கு மணம் முடிக்கின்றனர். உண்மையை அறிந்த கணவன் அவளை உடன்பிறந்தாளாகக் கொண்டு, அவள் விரும்பியவனோடு சேர்த்துவைக்கிறான். இதுவே கதை. 1931 இல், தமிழில், ஒரு பெண் இதை எழுதினார். கணவனைத் திருத்தும் பத்தினியரையே நாள்தோறும் மேடையில் நடித்துவந்தவர் தம் பேனாவை எடுத்தபோது வேறொரு முடிவை எழுதினார் என்பதை ஆய்வாளர்கள் ஏனோ போதிய அளவு கவனிக்கவில்லை. முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்ட நாள்களில் நானும் கவனித்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாவல் வரலாற்றில் அவர் பெயரை ஒரு வரியில் கடந்து சென்றவர்களுள் நானும் ஒருத்தி.

அந்நாவலே 1936 இல் ‘மிஸ் கமலா’ என்னும் படமாயிற்று. கதை, உரையாடல், இயக்கம், தயாரிப்பு, நடிப்பு எல்லாம் அவருடையவை. சொந்தமாக ஸ்ரீராஜம் டாக்கீஸ் என்ற நிறுவனத்தையும் நிறுவினார். இந்தியாவில் அவருக்கு முன்பு படம் இயக்கிய பெண் பாத்மா பேகம். 1926 இல் அவர் எடுத்தது பேசாப் படம். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் இராஜலட்சுமியே. தம் மகளுக்குக் கமலா என்றே பெயர் சூட்டினார். பெண் குழந்தையைப் பிறந்தவுடன் கொல்லும் வழக்கத்திற்கு இரையாகவிருந்த ஒரு குழந்தையைக் காப்பாற்றித் தத்தெடுத்து வளர்த்தார் என்பதும் அவர் வாழ்க்கையிலிருந்து பெறப்படும் செய்தி. நம் மாநிலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது 1992 இல்.

அடுத்து ‘மதுரை வீரன்’ கதையைப் படமாக்கினார். பின்னர் ‘இந்தியத் தாய்’ என நாட்டுப்பற்று மிக்க ஒரு படத்தை எடுத்தார். தணிக்கையின் கத்தரிக்கோல் அதனைச் சும்மா விடவில்லை. ‘தமிழ்த் தாய்’ எனப் பெயர் மாறியும் அது அவருக்குப் பெரும் பண இழப்பையே தந்தது. கடனை வாங்கிப் படம் எடுக்கும் தொழிலில் ஒரு தோல்வியின் விலை வீடாகவோ நகையாகவோ இருக்கும். ஆடவர்க்கு அடுத்த படத்திற்குக் கடன் கிடைக்கும், பெண்ணுக்குக் கிடைப்பதரிது. கீழ்ப்பாக்கத்தில் அவர் வாங்கியிருந்த பெரிய வீடு அக்காலத்தில் பேர்பெற்றது. நடராஜ முதலியார் நடிகை தேடித் திண்டாடிய அதே கீழ்ப்பாக்கத்தில் பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் ஒரு நடிகை மாளிகைக்கு உரிமையாளர் ஆனார் என்பதைக் கால மாற்றத்தின் அடையாளமாகக் கொள்ளலாம். செல்வம் வந்த வேகத்திலேயே கரைந்தும் போயிற்று.

1938 இல் ஏவி. மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ வெளிவந்தது. நடிகையின் குரலுக்குப் பதிலாக வேறொருவரின் குரலைச் சேர்க்கும் பின்னணி முறை தமிழில் முதன்முதலாகக் கையாளப்பட்டது அப்படத்தில்தான். அதே படத்தில் இராஜலட்சுமி அம்மையாரும் நடித்திருந்தார். நடிப்பவரே பாடவேண்டும் என்ற நிலைமையால் உயர்ந்தவர், அந்நிலைமை முடியத் தொடங்கிய இடத்தில் உடனிருந்தார். இனி அழகான முகம் ஒன்று, இனிய குரல் ஒன்று எனத் தனித்தனியே வாங்கிக்கொள்ளலாம். அதன்பின் படங்கள் குறைந்தன. ‘ஜீவ ஜோதி’ 1947 இல், ‘இதய கீதம்’ 1950 இல். புதிய நாயகியர் வந்துவிட்டனர். முன்னாள் சினிமா ராணிக்குத் துணை வேடங்கள் எஞ்சின. 1961 இல் அவருக்குக் கலைமாமணி விருது வழங்கப்பட்டது.

படங்கள் என்னவாயின என்ற வினாவுக்கு இனி வருகிறேன். அக்காலப் படச்சுருள் நைட்ரேட் கலந்தது. எளிதில் தீப்பற்றும், வெப்பத்தில் தானே கெட்டுப் பிசினாகும். பேசும் படம் வந்தபிறகு பேசாப் படத்தைக் காசு கொடுத்துப் பார்ப்பார் இல்லை. சுருளில் இருந்த வெள்ளிக்காகப் பலவற்றை உருக்கி எடுத்துக்கொண்டனர். தென்னாட்டில் எடுக்கப்பட்ட பேசாப் படங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் முழுமையாக எஞ்சியதாகச் சொல்லப்படுவது ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றே. அதுவும் உரிமை வழக்கில் சிக்கி முடங்கிக் கிடந்ததால் தப்பியது என்பது நகைப்புக்குரிய உண்மை. ஓலைச்சுவடிகளை ஆற்றில் விட்ட நம் பழைய வழக்கத்தை எண்ணிப் பார்க்கிறேன். ஆனால் சுவடிக்கு ஒரு உ. வே. சாமிநாதையர் கிடைத்தார், அவர் ஊர் ஊராக அலைந்த அதே தமிழ்நாட்டில், படச்சுருளுக்காக ஒருவரும் அந்நாளில் அலையவில்லை. அவரிடம் ‘முதல்’ என்னும் அடைமொழியை மட்டும் வாங்கிக்கொண்டு ஏனையவற்றைத் தொலைத்துவிட்டோம். முதல் கதாநாயகி, முதல் பெண் இயக்குநர் எனப் போட்டித் தேர்வு வினாவிடை நூல்களில் அவர் பெயர் இருக்கிறது. என் மாணவியர் அதை மனனம் செய்திருக்கின்றனர். அவர் ஒரு நாவல் எழுதினார் என்றால் வியக்கின்றனர்.

இந்தியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனே நகரில் நிறுவப்பட்டது 1964 பிப்ரவரியில். அதே ஆண்டு ஆகஸ்டு 20 ஆம் நாள் டி. பி. இராஜலட்சுமி அம்மையார் காலமானார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

வினவிய இளம்பெண்ணுக்கு அன்று நான் கூறிய விடை இது: பார்ப்பதற்குப் படம் இல்லை; படிப்பதற்கு அவர் எழுதிய கதை உண்டு. ‘கமலவல்லி’யைத் தேடித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். இரவு ஷிப்டு இல்லாத வாரத்தில் படிப்பதாக அவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.